சன்மானம் வேண்டாம், கூலி கொடுங்கள்

(திருவண்ணாமலையில் இளம் வாசகர்களும் எழுதத் தொடங்கியிருப்பவர்களும் கலந்துகொண்ட ஒருநாள் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு ‘சுதந்திர எழுத்தாளராக வாழ்வது எப்படி’ என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். ‘எப்படி’ என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். எனக்கே தெரியாது. ஆறு ஆண்டுகளாக எழுதுகிறேன். அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யாருக்கு எந்த யோசனையை அனுப்பினேன், என்ன பதில் வந்தது, பணம் வந்ததா என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டம்தான் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, அதில் எழுத அதிகம் ஒன்றும் வாய்க்கவில்லை. ஆய்வு உதவித்தொகை வரும் மாதங்களில் எழுத்தாளராக இருக்கிறேன். அது தாமதமாகும் மாதங்களில் தட்டச்சு செய்கிறேன், மொழிபெயர்க்கிறேன், அடுத்தவர்களின் நேர்காணல் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக்குகிறேன். இங்கே இருக்கும் பலருக்கும் இதே நிலைமைதான் என்று நினைக்கிறேன்.

முதல் கட்டுரைக்குப் பணம் வரப்போகிறது என்று தெரிந்த அன்று அம்மாவுக்கு போன் செய்தேன். அம்மா நூறு நாள் வேலையில் இருந்தார். “சன்மானம் தர்றாங்களாம்மா” என்றேன். “அப்படின்னா?” என்றார். எழுதினதுக்குக் கொடுக்கிற பணம் என்றேன். “கூலின்னு சொல்லு. என்னிக்குக் குடுப்பாங்க?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஏரி வேலையில் மண் அள்ளுகிறவருக்கு அளவு தெரியும், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று தெரியும், தாமதமானால் யாரிடம் போய்ச் சத்தம் போடவேண்டும் என்றும் தெரியும். எம்.பில். முடித்த மகளுக்கு இதில் ஒன்றும் தெரியவில்லை.

சன்மானம் என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது மரியாதை செய்வது. சால்வை போர்த்துவது போல. மரியாதையை யாரும் கேட்டு வாங்க முடியாது. கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், கொடுக்காவிட்டால் கேட்பது அநாகரிகம். தமிழ்ப் பத்திரிகை உலகம் இந்தச் சொல்லை இத்தனை காலம் கட்டிக் காப்பாற்றுவதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுத்து பிழைப்பு அல்ல, தவம் என்று சொல்கிறவர்களுக்கு நிலமோ சம்பளமோ ஏற்கெனவே இருக்கிறது. கூலி என்ற சொல் நமக்குக் கூச்சம் தருவதில்லை. கூலி உயர்வு கேட்டதற்காக 1968இல் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய மாநிலத்தில் நாம் இருக்கிறோம். அந்தச் சொல்லுக்கு என்ன விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

சரி, யோசனை அனுப்புவதைப் பற்றிப் பேசுவோம். ஆங்கிலப் பத்திரிகைகளில் அதற்குப் பெயர் பிட்ச். தமிழில் தனிச் சொல் இல்லை, ஏனென்றால் தமிழ்ப் பத்திரிகைகளில் அந்தப் பழக்கமே பெரிதாகக் கிடையாது. முழுக் கட்டுரையையும் எழுதி அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வழக்கம். தேர்வானதா என்பதே அச்சில் பார்த்தால்தான் தெரியும். பிட்ச் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன்பே, ‘இதைச் செய்யப்போகிறேன், வேண்டுமா, எவ்வளவு தருவீர்கள்?’ என்று கேட்டுவிடலாம்.

ஆனால் இந்தக் கேள்வியை யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று ஒன்று இருக்கிறது. 1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளரிடம் ஒரு வெளிநாட்டு நிருபர், தலித் பத்திரிகையாளர் ஒருவரிடம் பேச வேண்டும், யாரையாவது தெரியுமா என்று கேட்டார். அத்தனை ஆண்டு காலம் பத்திரிகையில் இருந்தும் அப்படி ஒருவரைக்கூடத் தான் சந்தித்ததில்லை என்பது உனியாலுக்கு அப்போதுதான் உறைத்தது. தேடினார், கிடைக்கவில்லை. அதைக் கட்டுரையாகவே எழுதினார். பிறகு 2006இல் டெல்லியில் இயங்கும் தேசிய ஊடகங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரை எடுத்துப் பார்த்தார்கள். தலித்தோ பழங்குடியோ ஒருவர்கூட இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தன. 121 தலைமைப் பொறுப்புகளில் 106 இடங்களில் உயர்சாதியினர். தலித், பழங்குடியினர் பூஜ்யம்.

வழக்கமாக இந்த எண்களைச் சொல்லிவிட்டு கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். நான் கேட்பது வேறு: இந்தப் பூஜ்யம் உங்கள் மின்னஞ்சலை என்ன செய்கிறது? ஒரு நாளைக்கு நூறு மின்னஞ்சல் வரும் ஆசிரியர், தெரிந்த பெயரைத்தான் முதலில் திறப்பார். தெரிந்த பெயர் என்பது கல்லூரியில் கூடப் படித்தவர், அவருடைய மச்சான், போன புத்தகக் கண்காட்சியில் ஒன்றாகக் காபி குடித்தவர். எவரும் திட்டம் போட்டு உங்களை ஒதுக்க வேண்டியதில்லை. மின்னஞ்சல் பெட்டி அது பாட்டுக்கு அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். நான் முதன்முதலில் ஓர் அலுவலகத்துக்கு போன் செய்தபோது என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, “யார் சொல்லிப் பேசுறீங்க?” என்பது. யாரும் சொல்லாமல் பேசுகிறோம், தோழர்களே. நம் பிரச்சினையே அதுதான்.

இப்போது நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில். சுமார் 80 ஆண்டுகளாகப் போக முடியாத கோயில். ஆட்சியர் வந்தார், காவல்துறை குவிக்கப்பட்டது, எல்லாத் தொலைக்காட்சிகளும் வந்தன. மறுநாள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நான் ஒரு யோசனை எழுதி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அந்த ஊருக்குப் போகிறேன். போலீஸ் இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் அந்தக் கோயிலுக்கு யார் போகிறார்கள்? கடையில் பொருள் கொடுக்கிறார்களா? விவசாய வேலைக்குக் கூப்பிடுகிறார்களா? நான்கு பேரிடம் பேசுவேன், 1,500 சொற்கள், படங்கள் நானே எடுக்கிறேன்.

இது நல்ல யோசனை என்று இப்போதும் நினைக்கிறேன். வந்த பதில், “அது பழைய செய்தி ஆயிடுச்சு. உங்களுக்குச் சின்ன வயசுல கோயில்ல நடந்த அனுபவம் ஏதாவது இருக்கும்ல? அதை எழுதிக் கொடுங்க. மனசை உலுக்குற மாதிரி இருக்கணும்.”

எந்த இதழ் என்று சொல்லப்போவதில்லை. அந்த ஆசிரியர் கெட்டவரும் இல்லை. உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். நான் எழுதினேன். ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழாவில் என் அம்மா குடத்தோடு எவ்வளவு தூரம் தள்ளி நின்றார், யார் என்ன சொன்னார்கள், அம்மா திரும்பி வரும்போது என்னிடம் என்ன சொன்னார், எல்லாவற்றையும் எழுதினேன். ஒரே ராத்திரியில் எழுதி முடித்தேன். மனதை உலுக்கியது. நிறையப் பேர் பகிர்ந்தார்கள். ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் என் பெயர் இருந்ததே, அது போதாதா?

தம்பி ஊரில் பைக் மெக்கானிக் கடை வைத்திருந்தான். கடைக்கு இடம் கொடுத்தவர் ஊர்த்தெருக்காரர். நான்காம் நாள் அவர் தம்பியிடம், “உங்க அக்கா எங்களப் பத்தி ஏதோ எழுதியிருக்காமே” என்றார், அவ்வளவுதான். சண்டை இல்லை, மிரட்டல் இல்லை. அடுத்த மாதம் அந்த இடம் அவருடைய மருமகனுக்குத் தேவைப்பட்டது. தம்பி இப்போது திருவண்ணாமலையில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறான். முதலாளியாக இருந்தவன் சம்பளக்காரன் ஆனான். எனக்கு அந்தக் கட்டுரைக்கு வந்தது 1,500 ரூபாய். ஏழு மாதம் கழித்து வந்தது.

தம்பி என்மேல் கோபப்படவில்லை. “எழுதினது சரிதான்கா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்” என்றான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கூழ் விஷயம் என் அம்மாவுடையது. அதை அவரிடம் கேட்காமலே 1,500 ரூபாய்க்கு விற்றுவிட்டேன். ஆசிரியர் கேட்டார் என்று அவர்மேல் பழி போட்டுவிடலாம்தான். ஆனால் எழுதியது நான்.

அதனால் உங்களிடம் கறாராகச் சொல்கிறேன். நம்மிடம் எல்லோரும் கேட்பது அனுபவத்தை. ஆய்வை, அலசலை, செய்தி சேகரிப்பை வேறு யாரிடமோ கேட்கிறார்கள். நம்மிடம் காயத்தைக் காட்டச் சொல்கிறார்கள். காயத்தைக் காட்டினால் செலவு ஊரில் இருப்பவர்களுக்கு. கொடுக்கலாம், கொடுக்கக்கூடாது என்று நான் விதி போடவில்லை. தன் வாழ்வை எழுதியவர்களால்தான் தலித் இலக்கியமே எழுந்து நின்றது. எழுதும் முன் வீட்டில் படித்துக் காட்டுங்கள். ஊரில் யார் கடை வைத்திருக்கிறார்கள், யார் யாரிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. இது கொஞ்சம் சிரிப்பு. நம் மாவட்டத்து மல்லாட்டையைப் பற்றி ஒரு கட்டுரை எழுத விரும்பினேன். வேர்க்கடலை என்று சொன்னால்தான் சென்னைக்குப் புரியும் என்பதால் அப்படியே எழுதி அனுப்பினேன். மானாவாரி நிலம், மழை, செடி பிடுங்கி ஆயும் பெண்கள், மண்டியில் விலை. பதில் வந்தது: “நல்லாருக்கு, ஆனா இதுல சாதி எங்க?” பாருங்கள், எனக்குக் கடலை பற்றி எழுதும் உரிமைகூட இல்லை. ஏப்ரல் 14, டிசம்பர் 6, இடையில் ஏதாவது ஒரு கொலை. இந்த நாள்களில் மட்டும்தான் என் போன் அடிக்கும். சினிமாவைப் பற்றி, கிரிக்கெட்டைப் பற்றி, மழையைப் பற்றி எழுத வேறு ஆள்கள் இருக்கிறார்கள். மல்லாட்டையில் சாதி இல்லையா என்றால், நிலம் யாருடையது, ஆய்கிறவர் யார், அளந்து கூலி போடுகிறவர் யார் என்று போனால் வேர் வரைக்கும் இருக்கிறது. ஆனால் அதைக் கட்டுரையின் முதல் வரியிலேயே கொண்டுவந்து நிறுத்து என்றால் நான் நிறுத்த மாட்டேன்.

உள்ளூர்க்காரர் என்பதால் நமக்கு வரும் இன்னொரு வேலை இருக்கிறது. 2024 டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஐந்து குழந்தைகள் உள்பட ஏழு பேர் செத்தார்கள். அன்று இரவும் மறுநாளும் எத்தனை அழைப்புகள்! “நீங்க திருவண்ணாமலைதானே, ஒரு வீடியோ அனுப்ப முடியுமா, யாராவது பேசுறதுக்குக் கிடைப்பாங்களா?” யாரும் காசைப் பற்றிப் பேசவில்லை. அந்த நேரத்தில் நானும் பேசவில்லை, பேசியிருக்கவும் கூடாது. ஆனால் மூன்று வாரம் கழித்து, மலையடிவாரத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் யார், அவர்களுக்கு நகரத்துக்குள் ஏன் இடம் கிடைக்கவில்லை என்று நான் எழுதி அனுப்பியபோது, அன்று போன் செய்தவர்களில் ஒருவர்கூடப் பதில் போடவில்லை. செய்யாறு பக்கம் மேல்மாவிலும் இப்படித்தான். சிப்காட்டுக்கு நிலம் தரமாட்டோம் என்று விவசாயிகள் நூறு நாள்களுக்கு மேலாக உட்கார்ந்திருந்தார்கள். 2023 நவம்பரில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்த பிறகுதான் வெளியூர் கேமராக்கள் வந்தன. அதற்கு முன்பே எல்லாம் தெரிந்தவர்கள் தாலுகா நிருபர்கள்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மாதச் சம்பளமே இல்லாமல், விளம்பரம் பிடித்துக் கொடுத்தால்தான் கமிஷன் என்ற நிலையில் இருப்பவர் யாரை எதிர்த்து எழுதுவார்?

வெளிநாட்டு ஆய்வாளர்களும் ஆவணப்படக்காரர்களும் இந்த ஊருக்கு நிறைய வருகிறார்கள். கிரிவலம், ஆசிரமம், தீபம் என்று வந்து, பிறகு சாதியைக் கண்டுபிடிப்பார்கள். அவர்களுக்கு வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், நம்பகமான ஆள், எல்லாமாக ஒருவர் தேவை. காலனிக்குள் நாம் கூட்டிப் போகாமல் அவர்களால் ஒருவரிடமும் பேச முடியாது. கடைசியில் நம் பெயர் நன்றிப் பட்டியலில் வரும், அதுவும் எழுத்துப்பிழையோடு. நாள் கூலியைப் பேசிக்கொண்டு போங்கள். கேள்விகளை நீங்கள் வடிவமைத்தால், நேர்காணலை நீங்கள் எடுத்தால், இணை ஆசிரியராகப் பெயர் போடச் சொல்லுங்கள். மறுத்தால் அன்றைக்கு வேறு வேலை பார்க்கலாம்.

என் ஆய்வு அயோத்திதாசர் கால இதழ்களைப் பற்றியது என்பதால் பழைய கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். கொலம்பியாவில் படித்துத் திரும்பி சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். இதழ் வருகிறது என்று ஒரு விளம்பரம், காசு கொடுத்து வெளியிடும் விளம்பரம். திலகரின் ‘கேசரி’ அதைப் போட மறுத்துவிட்டது. கட்டுரையை அல்ல, காசு கொடுத்த விளம்பரத்தை. உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் வராத நாளில் இதை நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அவர் அடுத்து என்ன செய்தார் என்பதற்காகச் சொல்கிறேன். பணத்துக்கு ஏற்பாடு செய்தார். கோல்ஹாப்பூர் சாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்தார். அப்படியும் அந்த இதழ் நெடுநாள் நிற்கவில்லை. 1927இல் ‘பகிஷ்கிருத் பாரத்’ என்று மறுபடி தொடங்கினார். நம் பக்கத்தில் இரட்டைமலை சீனிவாசன் 1893இலேயே ‘பறையன்’ நடத்தினார். அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். அதன் விலை பெயரிலேயே இருந்தது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கும் தொழிலாளர்கள் வரை அதைப் படித்தார்கள். அவர் 1914இல் இறந்த பிறகு, பின்னாளில் அதை மீண்டும் எடுத்து நடத்தியதும் தங்கவயலைச் சேர்ந்த அப்பாதுரையார்தான். கூலிக்காரர்களின் காசில் ஓடிய இதழ்கள் இவை.

ஆகவே நாமே இதழ் நடத்துவோம், அவர்களிடம் ஏன் போய் நிற்க வேண்டும் என்று இங்கே ஒருவர் காலையில் கேட்டார். சரிதான். ஆனால் தோழர், நம் இதழ்கள் எழுதுகிறவருக்கு என்ன தருகின்றன? இந்தப் பயிலரங்கை நடத்துகிறவர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இயக்கப் பணி என்கிறோம். அச்சகத்துக்குக் கொடுக்கிறோம், வடிவமைப்பாளருக்குக் கொடுக்கிறோம், மேடை போட்டவருக்குக் கொடுக்கிறோம். அவர்களிடம் இயக்கப் பணி என்று சொன்னால் சிரிப்பார்கள். எழுதுகிறவரிடம் மட்டும் சொல்கிறோம். இதனால் யார் நம் இதழ்களில் தொடர்ந்து எழுத முடிகிறது? சம்பளம் வரும் பேராசிரியரும் அரசு ஊழியரும்தான். துணிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கும் தங்கை இரண்டு கட்டுரையோடு நின்றுவிடுகிறாள். அவள் ஏன் நிறுத்தினாள் என்று நாம் கேட்பதில்லை, ஆர்வம் போய்விட்டது என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். 500 ரூபாய் தாருங்கள். முடியாவிட்டால் முடியாது என்று முன்பே சொல்லுங்கள். சொல்லிவிட்டால் மனமிருந்தால் எழுதலாம், அது நன்கொடை. சொல்லாமல் வாங்கினால் அதற்குப் பெயர் வெட்டி வேலை. அந்தச் சொல் நம் தாத்தாக்களுக்கு நன்றாகத் தெரியும்.

கொஞ்சம் நடைமுறை விஷயங்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன், தேநீர் வந்துவிட்டது.

‘திருவண்ணாமலையில் சாதி’ என்பது யோசனை அல்ல, அது ஒரு நூலகம். ஓர் இடம், ஒரு கேள்வி, யாரிடம் பேசுவீர்கள், என்றைக்குத் தருவீர்கள், எத்தனை சொல், இதை நீங்கள் எழுத வேண்டிய காரணம் என்ன. எல்லாம் சேர்ந்து ஒரு கைப்பேசித் திரைக்குள் அடங்க வேண்டும். கட்டணத்தை அதே மின்னஞ்சலில் கேளுங்கள். எனக்கு இப்போதும் கை நடுங்கும், ஆனாலும் கேட்கிறேன். பத்து நாள் பொறுத்து ஒரு நினைவூட்டல், பிறகு வேறு இடம். பயணச் செலவையும் கணக்கில் சேருங்கள். (என் செய்தி சேகரிப்புக்குத் தொடர்ந்து நிதி உதவி செய்யும் ஒரே நிறுவனம், பெண்களிடம் டிக்கெட் வாங்காத அரசு நகரப் பேருந்துதான்.)

உரிமை பற்றி. பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்து எழுதுவது வேறு. வெளியிலிருந்து எழுதினால், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தின் முதல் உரிமையாளர் நீங்கள்தான். எழுதிக் கொடுத்தால் ஒழிய உரிமை மாறாது. எழுதிக் கொடுத்த தாளில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுகள்தான், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள்தான். புகைப்படம் அப்படி இல்லை. ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவருக்குப் போய்விடும். அதனால் படத்துக்குத் தனியாகப் பேசுங்கள். வரி என்று 10 விழுக்காடு பிடித்திருந்தால் விட்டுவிடாதீர்கள். நம் வருமானத்துக்குப் பெரும்பாலும் வரி வராது. கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும். பான் அட்டை இல்லாதவர்கள் இந்த வாரமே எடுங்கள், இல்லாவிட்டால் பிடித்தம் இன்னும் கூடும்.

காலையில் ஆளுக்கொரு தாளில் யோசனை எழுதித் தரச் சொன்னேன், பதினான்கு வந்திருக்கிறது. தேநீர் குடித்துக்கொண்டே பார்ப்போம். மேலே இருப்பது கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தோழருடையது. ‘எங்கள் ஊரில் சுடுகாட்டுக்குப் போகப் பாதை இல்லை’ என்று ஒரே வரி. பெயர்கூட எழுதவில்லை. யார் எழுதியது? நீங்களா தம்பி? முன்னால் வாங்க. இப்போது எந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள்? அது யாருடைய வயல்? நடவு நட்டிருக்கும் மாதத்தில் யாராவது இறந்தால் என்ன செய்வீர்கள்?